இரண்டு மைக், ஒரு கிட்டார்: குறைந்த செலவில் ஸ்டீரியோ பதிவு

கிட்டார் வாசிப்பவருக்கு எதிரே இரண்டடி தள்ளி உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டுப்பாருங்கள். ஒலி ஒரே இடத்திலிருந்து வருவதாகத் தோன்றாது. உங்கள் வலப்பக்கத்தில், கிட்டாரின் கழுத்திலிருந்து, விரல் கம்பியில் வழுக்கும் ஓசையும் கம்பிகளின் பளிச்சென்ற கணீரும் கேட்கும். நடுவில் ஒலித்துளையிலிருந்து கனத்த காற்றொலி வரும். இடப்பக்கத்தில், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜைத் தாங்கும் பலகையிலிருந்து மரத்தின் குரல் எழும். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள கருவி அது. பக்கத்தில் இருப்பவருக்கு அந்த நீளம் முழுவதும் காதில் விழுகிறது. பத்தடி பின்னால் போனால் எல்லாம் சுருங்கி ஒரே புள்ளியாகிவிடும்.

அந்த இரண்டடி தூரத்து அனுபவத்தை, அந்த அறையில் இல்லாத ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஸ்டீரியோ பதிவு. இதில் இறங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த மைக் வாங்கலாம்?" என்பதுதான். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் உறுதியான கருத்து. இரண்டு மைக்குக்கும் இடையே எந்த வேறுபாட்டைப் பதியப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், வாங்க வேண்டிய மைக்கின் வகை தானாகத் தெளியும். பணமும் மிஞ்சும்.

காது திசை அறியும் விதம்

நம் தலைக்கு இரண்டு பக்கமும் காது இருப்பதால், வலப்பக்கம் எழும் ஓசை வலக்காதுக்கு முந்தியும் இடக்காதுக்குப் பிந்தியும் வந்து சேர்கிறது. அந்தத் தாமதம் மிகச் சிறியது. முழுக்கப் பக்கவாட்டில் ஒலி எழுந்தால்கூட ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். மூளைக்கு அது போதும். இரண்டாவது குறிப்பு, சத்த அளவு. தலை மறைப்பதால் அந்தப் பக்கத்துக் காதில் ஒலி சற்றுக் குறைகிறது. நேரம், அளவு ஆகிய இந்த இரண்டையும் வைத்துத்தான், முதுகுக்குப் பின்னால் கரண்டி விழுந்தாலும் எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்லிவிடுகிறோம்.

ஸ்டீரியோ முறைகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றையோ, இரண்டையும் கலந்தோ பிடிக்கின்றன. இதைத் தெளிவாகச் சிந்தித்து எழுதிவைத்தவர் ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். இ.எம்.ஐ நிறுவனத்தில் வேலை பார்த்த அவர் 1931 டிசம்பரில் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சினிமாத் திரையில் நடிகர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்போது குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வருவது அவரை உறுத்தியது என்றும், அதிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது என்றும் சொல்வார்கள். ஒரே இடத்தில் இரண்டு மைக்கை வெவ்வேறு திசை நோக்கி வைக்கும் முறையை அந்தக் காப்புரிமையிலேயே விளக்கியிருந்தார். இன்று நாம் வீட்டில் செய்வதும் அதன் வழி வந்ததுதான்.

மூன்று முறைகளை மட்டும் பார்ப்போம்.

எக்ஸ்-ஒய் முறையில் இரண்டு மைக்கின் தலைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக, ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருக்கும். ஒன்று இடப்பக்கம் பார்க்கும், மற்றது வலப்பக்கம் பார்க்கும். இடையே 90 பாகை. நோட்டுப் புத்தகத்தின் மூலையை வைத்தே இந்தக் கோணத்தைச் சரிபார்த்துவிடலாம். ஒலி இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் நேர வேறுபாடு இல்லை. அளவு வேறுபாடு மட்டும் பதிவாகிறது. இடமும் வலமுமாகக் காதில் விரியும் ஒலிப்படம் அவ்வளவு அகலமாக இருக்காது. ஆனால் இரண்டு பக்கத்தையும் கூட்டி ஒன்றாக்கினாலும் ஒலி கெடாது.

ஏ-பி முறையில் இரண்டு மைக்கையும் ஒன்றுக்கொன்று இணையாக, 20 செ.மீ. முதல் 60 செ.மீ. வரை தள்ளி வைப்போம். இங்கே முக்கியமாகப் பதிவாவது நேர வேறுபாடு. அகலமும் காற்றோட்டமும் நிறைந்த ஒலி கிடைக்கும். அதற்கான விலையைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, பிரெஞ்சு ஒலிபரப்பு நிறுவனத்தின் பெயரால் ஓ.ஆர்.டி.எஃப் என்று அழைக்கப்படுவது. தலைகளுக்கு இடையே 17 செ.மீ., கோணம் 110 பாகை. 17 செ.மீ. என்பது நம் இரண்டு காதுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை ஒட்டியது. நேரம், அளவு இரண்டும் இதில் கலந்து பதிவாகும். மேடையிலிருக்கும் குழுவைத் தள்ளி நின்று பதிவதற்கு இது மிகப் பொருத்தம். கிட்டாருக்கு 40 செ.மீ. எதிரே இதை அப்படியே வைத்தால் இரண்டு மைக்கும் கருவியைத் தாண்டி வெளியே பார்க்கும். ஆகவே 17 செ.மீ. இடைவெளியை வைத்துக்கொண்டு கோணத்தை மட்டும் 90 அல்லது 80 பாகைக்குக் குறைத்துவிடுவது என் வழக்கம். கணக்குப்படி அது ஓ.ஆர்.டி.எஃப் ஆகாது. காதுக்கு நன்றாக இருக்கிறது, எனக்கு அது போதும்.

எந்த வகை மைக்?

எக்ஸ்-ஒய் முறையை இன்னொரு முறை மனத்தில் வரைந்து பாருங்கள். கிட்டாரின் நடுப்பகுதி இரண்டு மைக்குக்கும் நேர் எதிரே இல்லை. இரண்டும் அதைப் பக்கப் பார்வையில்தான், 45 பாகை விலகித்தான் பார்க்கின்றன. ஆகவே, ஒரு மைக் நேர் எதிரே வரும் ஒலியை எவ்வளவு அழகாக வாங்குகிறது என்பதைவிட, பக்கத்திலிருந்து வருவதை எவ்வளவு நேர்மையாக வாங்குகிறது என்பதே இங்கே முக்கியமாகிறது. வாங்குபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

பென்சில் போல மெலிந்து நீண்ட, சிறிய டயஃப்ரம் கொண்ட கண்டென்சர் மைக்குகள் (மின்சாரம் கொடுத்தால் இயங்கும், நுட்பமாக வாங்கும் வகை) இந்தத் தேர்வில் இயல்பாகவே முன்னால் நிற்கின்றன. டயஃப்ரம் என்பது ஒலி பட்டு அதிரும் மெல்லிய தகடு. அது சிறியதாக இருந்தால், உயர் சுருதிகள் பக்கவாட்டில் வந்தாலும் பெரிதாகச் சிதைவதில்லை. பாடகர்கள் முன்னால் நிற்கும், சிறு டம்ளர் அளவுள்ள பெரிய டயஃப்ரம் மைக்குகளில் பக்கப் பார்வை அவ்வளவு சீராக இருப்பதில்லை. மலிவானவற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜெர்மனியின் நாய்மன் யு87 போன்ற புகழ்பெற்ற மைக்குகளின் உட்பகுதி, இயல்பிலேயே உயர் சுருதியைத் தூக்கிக் காட்டக்கூடியது. அதை அடக்கும் சுற்று யு87-இன் உள்ளேயே இருக்கிறது. விலை குறைந்த பல மைக்குகள் அதே வகை உட்பகுதியைப் பயன்படுத்துகின்றன, அடக்கும் சுற்றை விட்டுவிடுகின்றன. புதிய எஃகுக் கம்பி மாட்டிய கிட்டாரை அதன் முன் வாசித்தால் பல் கூசும். நைலான் கம்பி என்றால் அதே மைக் ஓரளவு தப்பித்துவிடும்.

ஆகவே தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது: சிறிய டயஃப்ரம், கண்டென்சர், கார்டியாய்டு, ஒரே மாதிரியில் இரண்டு. கார்டியாய்டு என்றால் முன்னால் வருவதை நன்றாக வாங்கி, பின்னால் வருவதைப் பெரும்பாலும் தள்ளிவிடும் வகை.

ரோட் எம்5 ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்க்கப்பட்ட ஜோடியாகவே விற்கப்படுகிறது. பெஹ்ரிங்கர் சி-2 அதைவிடவும் மலிவான ஜோடி. இரண்டையும் ஒரே ஸ்டாண்டில் மாட்டும் குறுக்குச் சட்டமும் அதனுடன் வரும். பணம் மிகக் குறைவு என்றால் அதில் தொடங்குவதில் எந்தக் குறையும் இல்லை. இன்னும் கொஞ்சம் சேர்த்துவைத்திருப்பவர்கள் ரோட் என்டி5 ஜோடியையோ, ஸ்வீடனில் தயாராகும் லைன் ஆடியோ சிஎம்4 இரண்டையோ பார்க்கலாம். சிஎம்4 சாதாரணக் கார்டியாய்டைவிடச் சற்று அகன்ற பார்வை கொண்டது. பக்கவாட்டு ஒலியில் அது காட்டும் நேர்மைக்காகவே எனக்கு அதன்மீது தனி மதிப்பு உண்டு.

ஜோடி என்பதை வலியுறுத்துகிறேன். ஒருமுறை, நல்ல மைக் ஒன்று கையில் இருக்கிறதே என்று வேறு மாதிரியில் இன்னொன்றை இரவல் வாங்கி இரண்டையும் எக்ஸ்-ஒய்யில் வைத்தேன். தனித்தனியே இரண்டும் நன்றாகவே ஒலித்தன. ஆனால் ஒன்று உயர் சுருதியைக் கூட்டிக் காட்டியது, மற்றது கீழ்ச்சுருதியை. பதிவைக் கேட்டால், மேல் கம்பியைத் தொடும்போதெல்லாம் கிட்டார் வலப்பக்கம் நகர்ந்தது, கீழ்க் கம்பிக்கு வந்தால் இடப்பக்கம் போனது. வாசித்த நண்பர் நாற்காலியை விட்டு அசையவே இல்லை. பின்னால் எவ்வளவு திருத்தியும் அது சரியாகவில்லை. இரண்டு காதும் ஒரே மாதிரி கேட்டால்தான் மூளை வேறுபாட்டைத் திசையாக எடுத்துக்கொள்ளும்.

காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு, வெளி மின்சாரம் இல்லாமலே இயங்கும் டைனமிக் வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1965 முதல் விற்பனையில் இருக்கும் ஷ்யூர் எஸ்எம்57 உலகின் எல்லா மேடைகளிலும் உழைக்கிறது. ஸ்டிரம் செய்து பலமாக வாசிக்கும் கிட்டாருக்கு அது தாங்கும். விரலால் மெல்ல மீட்டும் வாசிப்புக்கு அதன் வெளியீடு மிகவும் குறைவு. அதைப் பெருக்கும்போது, ஒலியைப் பெருக்கும் கருவியின் இரைச்சலும் சேர்ந்து பெருகும். இந்த வேலைக்காக அதில் இரண்டு வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆம்னி என்னும் மலிவு வழி

எல்லாத் திசையிலிருந்தும் சமமாக வாங்கும் ஆம்னி வகையைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. அதன் உட்கட்டமைப்பு எளிமையானது. அதனால் குறைந்த விலையிலேயே சீரான ஒலி கிடைத்துவிடுகிறது. அறையின் ஒலியை அளப்பதற்காகச் செய்யப்படும் பெஹ்ரிங்கர் இசிஎம்8000 போன்றவை இந்த வகை. இன்னொரு நன்மை, பக்கத்தில் கொண்டுபோனாலும் கீழ்ச்சுருதி ஊதிப் பெரிதாகாது. கார்டியாய்டு மைக்கை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்தால் கிட்டார் பீப்பாய் போல முழங்கத் தொடங்கும். ஆம்னியில் அந்தத் தொல்லை இல்லை.

ஏ-பி முறைக்கு ஆம்னிகள் இரண்டு போதும். ஆனால் அறை நன்றாக இருக்க வேண்டும். இங்கேதான் நம் வீடுகள் குறுக்கே நிற்கின்றன. அமெரிக்காவில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் மரச்சட்டச் சுவரும் தரைக் கம்பளமும் உள்ள அறையை மனத்தில் வைத்தே பேசுகின்றன. நமக்கோ செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, தரையில் டைல்ஸ். கை தட்டினால் அறை திருப்பித் தட்டும். ஆம்னி அந்த எதிரொலியையும் அப்படியே வாங்கிவைக்கும். மின்விசிறி அளவு நெருங்கிய எதிரியாக மைக்குக்கு வேறொன்றும் இல்லை, அதையும் நிறுத்தியாக வேண்டும். சித்திரை மாதத்தில் இது எளிதல்ல என்பது தெரியும்.

வழி இருக்கிறது. தரையில் தடித்த ஜமக்காளம் விரியுங்கள். வாசிப்பவரின் முதுகுப் பக்கச் சுவரில் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைச் சாய்த்து நிறுத்துங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் எதிரே பதிவு செய்தாலே வேறுபாடு தெரியும். அறையின் சரிநடுவிலும் மூலையிலும் உட்காராதீர்கள், இரண்டு இடத்திலும் கீழ்ச்சுருதி கோணலாகும். இவ்வளவும் செய்த பிறகும் அறை முழங்கினால் ஆம்னியை விட்டுவிட்டுக் கார்டியாய்டுக்கே வந்துவிடுங்கள்.

மைக் தானே எழுப்பும் இரைச்சல் பற்றி அச்சிட்ட எண்களும் பெட்டியில் இருக்கும். சிறிய டயஃப்ரம் மைக்குகளில் இது இயல்பாகவே அதிகம். பெரிய டயஃப்ரம் கொண்ட ரோட் என்டி1-ஏ 5 டெசிபெல், சிறிய எம்5 19 டெசிபெல். இந்த எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. நள்ளிரவில் விசிறி நிறுத்திய அறையின் அமைதியே பெரும்பாலும் 25, 30 டெசிபெல் இருக்கும். மிக மென்மையாக வாசிப்பவர்கள் மட்டும் 20-ஐத் தாண்டும் மைக்கைத் தவிர்த்தால் போதும்.

மைக்குக்கு முன்னால் வாங்க வேண்டியது

கண்டென்சர் மைக் இயங்க, மைக் கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் மின்சாரமான ஃபான்டம் பவர் வேண்டும். அதைக் கொடுப்பது, மைக்கைக் கணினியுடன் இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ். அதில் மைக் உள்ளீடு இரண்டு இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவில் மைக்குக்கு ஒரே உள்ளீடு, 2ஐ2-வில் இரண்டு. பெஹ்ரிங்கர் யுஎம்சி22-இல் ஒன்று, யுஎம்சி202எச்டியில் இரண்டு. விலை வேறுபாட்டைப் பார்த்துச் சிறியதை வாங்கிவிட்டுப் பிறகு வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

யுஎஸ்பி மைக் இரண்டை வாங்கிக் கணினியில் செருகினால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனிக் கடிகாரம் இருக்கிறது. இரண்டும் மிகச் சிறிய அளவில் விலகிக்கொண்டே போகும். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியைக் கொண்டு திசை அறியும் காதுக்கு முன்னால் அந்த விலகல் மன்னிக்கப்படாது.

இவ்வளவும் வாங்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு, ஜூம் எச்1என் போன்ற கைப்பதிவுக் கருவியை மனதாரப் பரிந்துரைப்பேன். அதன் தலையிலேயே எக்ஸ்-ஒய் அமைப்பில் இரண்டு மைக் பொருத்தப்பட்டிருக்கின்றன. கோணம் பார்க்க வேண்டாம், இன்டர்ஃபேஸ் வேண்டாம், ஃபான்டம் பவரும் வேண்டாம். இரைச்சல் சற்றுக் கூடுதல்தான். ஆனால் எங்கே வைத்தால் கிட்டார் எப்படி மாறுகிறது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல ஆசிரியர் இந்த விலையில் கிடையாது.

எங்கே வைப்பது?

முதலில் மைக் இல்லாமல் தேடுங்கள். வேறொருவரை வாசிக்கச் சொல்லி, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மற்றக் காதைக் கிட்டாரின் முன்னால் மெல்ல நகர்த்துங்கள். ஒலித்துளைக்கு நேர் எதிரே வந்ததும் கீழ்ச்சுருதி முட்டிக்கொண்டு வருவது தெரியும். கிட்டாரின் உட்காற்று ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 100 முறை, அதிர்வதால் வரும் முழக்கம் அது. ஐந்தாம் கம்பியைத் திறந்து மீட்டினால் 110 ஹெர்ட்ஸ் என்பதால் அது அதனுடன் கைகோத்துக்கொள்ளும். 12ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பக்கம் நகர்ந்தால் முழக்கம் தணிந்து கம்பி தெளியும். பிரிட்ஜுக்குப் பின்னால் போனால் மரம் பேசும். எந்த இடத்தில் உங்கள் காது நிற்க விரும்புகிறதோ அங்கே மைக்.

தொடக்கத்துக்கு: எக்ஸ்-ஒய் ஜோடியை 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேரே, 30 முதல் 40 செ.மீ. தள்ளி வையுங்கள். இரண்டு மைக்கின் அளவையும் முன்கூட்டியே சமன்செய்யுங்கள். இரண்டையும் ஒட்டி வைத்து, ஒரே கம்பியைத் தொடர்ந்து மீட்டி, திரையில் இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை இன்டர்ஃபேஸின் திருகைத் திருப்பினால் போதும். பிறகு அந்தத் திருகைத் தொடாதீர்கள்.

ஏ-பி முறையின் விலையைச் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 34 செ.மீ. பயணம் செய்கிறது. ஒரே ஓசை ஒரு மைக்கைவிட மற்றதற்கு 34 செ.மீ. கூடுதலாகப் பயணம் செய்து வந்தால், இரண்டையும் ஒன்றாகக் கூட்டும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் ஆகிய இடங்களில் ஓர் அலையின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழும். அந்தச் சுருதிகள் அடங்கிப்போகும். ஹெட்ஃபோனில் பிரமாதமாக இருந்த பதிவு, கைபேசியின் ஒற்றை ஸ்பீக்கரில் தகர டப்பாவுக்குள் வாசித்தது போல ஒலிப்பது இதனால்தான். நூலின் ஒரு முனையை 14ஆம் ஃப்ரெட்டில் பிடித்து, இரண்டு மைக்கின் தலைக்கும் தூரம் சமமாக இருக்கிறதா என்று அளந்தால் பெரும்பகுதிச் சிக்கல் தீரும். இணையத்தில் வெளியிடத்தான் பதிவு செய்கிறீர்கள், கேட்பவர்கள் பெரும்பாலும் கைபேசியில்தான் கேட்பார்கள் என்றால், எக்ஸ்-ஒய்யைவிட்டு நகராதீர்கள்.

இடம், வலம் எது என்பதிலும் ஒரு முடிவு வேண்டும். எதிரே இருப்பவருக்கு வலக்கை வாசிப்பாளரின் கிட்டார்க் கழுத்து வலப்பக்கம் தெரியும். மடியில் வைத்து வாசிப்பவருக்கு அது இடப்பக்கம். காணொளியுடன் வெளியிடுகிறீர்கள் என்றால் கண் பார்ப்பதும் காது கேட்பதும் ஒத்துப்போக வேண்டும், ஆகவே எதிரே இருப்பவரின் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டுக்குப் பின்னணியாக மட்டும் கிட்டார் வரும் பதிவுக்கு ஒரு மைக்கே போதும். அகன்ற கிட்டார் அங்கே குரலின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். தனியாக ஒலிக்கும் கிட்டாருக்குத்தான் இவ்வளவு பாடுபட வேண்டும்.

வாங்கிய மைக்கைக் கடலோர ஊர்களில் இருப்பவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். ஈரம் ஏறிய கண்டென்சர் பொரிந்துகொண்டே இருக்கும். முதல் நாள் பதிவில் ஒரே ஒரு சி கார்டை மேலிருந்து கீழாக நிதானமாக மீட்டி, எந்த மாற்றமும் செய்யாமல் கேளுங்கள். பிறகு மைக்கை நான்கு விரல் அகலம் கழுத்துப் பக்கம் நகர்த்தி அதையே மீட்டுங்கள். மீண்டும் நான்கு விரல். ஒவ்வொன்றையும் ஹெட்ஃபோனில் ஒருமுறையும் கைபேசி ஸ்பீக்கரில் ஒருமுறையும் கேட்டு, இரண்டிலும் பிடித்த இடத்தில் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிடுங்கள்.